தண்டையார்பேட்டையில் ஒரு பழைய கறுப்பு சைக்கிள்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நான் இங்கே மதிப்பிடப் போவது, எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில் மூன்று ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்து, நான் 1,800 ரூபாய்க்கு வாங்கி, தெருமுனை மெக்கானிக் ஒருவர் 2,650 ரூபாய்ச் செலவில் சீர்செய்து கொடுத்த, இரும்புச் சட்டம் கொண்ட பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை. 28 அங்குலச் சக்கரம், 1½ அங்குல அகல டயர், ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்கும் கம்பி பிரேக், முழுச் செயின் கவர், பின்சக்கரத்தின் இருபுறமும் புடவை சிக்காமலிருக்கப் போடும் வலை, ஒரு கேரியர், ஒரு மணி. கியர் கிடையாது. பெயர்ப் பட்டை எப்போதோ உரிந்து போய்விட்டது. கடந்த 14 மாதங்களில் வேலைநாட்களில் பாரிமுனைக்கும், பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் முகத்துவாரத்துக்குமாக இதில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் போய் வந்திருக்கிறேன். வடசென்னையில், அதிலும் கடற்கரையை ஒட்டி வாழ்பவர்கள், வாகனப் புகையைக் குறைக்க வேண்டும், கொஞ்சம் திறந்த வெளியில் உடலை அசைக்க வேண்டும் என்று நினைத்தால், புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன் இத்தகைய சைக்கிளைப் பரிசீலிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதற்கு முன் நான் 21 கியர் கொண்ட ஒரு புதிய சைக்கிளைப் பெரிய கடை ஒன்றில் 16,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். ஓட்டுவதற்கு அது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீடு கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. ஜன்னல் கம்பிகளே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெயிண்ட் கேட்கும் இடம். நான்காவது மாதத்தில் கியர் ஒயர்கள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகத் தொடங்கின. எட்டாவது மாதம், கல்மண்டபம் அருகே ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, பின்பக்க கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறிய அலுமினியத் துண்டு முறிந்து, கியர் முழுவதும் சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அந்தத் துண்டு வெளியூரிலிருந்து வர வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். ஆறு வாரம் கழித்துப் போனபோது, அந்த மாடல் இப்போது வருவதில்லை, புதிதாகவே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிடைக்காததால் முழு சைக்கிளையும் பழைய இரும்புக்குப் போடச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. பழுது பார்க்க முடியாத ஒரு பொருளைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வியோடுதான் அந்த மாடிப்படிக்கு அடியில் கிடந்த கறுப்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் அறுபதைக் கடந்தவர். இளமையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதிய அந்த சைக்கிள்களில்தான், மணிக்கு ஐம்பது பைசா கொடுத்து, எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் முட்டி தேய்த்துக்கொண்டு ஓட்டப் பழகினோம். இப்போது ஒரு தார்ப்பாய், ஒரு மரப்பெட்டி, பங்க்சர் பார்க்க ஓர் இரும்புச் சட்டித் தண்ணீர் ஆகியவைதான் அவருடைய கடை. இந்த மதிப்புரையில் பாதி அவருடைய வேலையைப் பற்றியது, ஏனெனில் இந்த வகை சைக்கிளின் தரமும் அதைக் கட்டிக் கொடுக்கும் கையின் தரமும் வேறு வேறு அல்ல.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, முதலில் சட்டத்தை மட்டும் பார்த்தார். பெடல் அச்சு நுழையும் கூட்டின் அடியிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தலைப்பகுதியிலும் ஸ்பேனரின் முனையால் தட்டி, துரு மேலோடு நிற்கிறதா, உள்ளே அரித்துவிட்டதா என்று சத்தத்தில் கண்டுகொண்டார். சட்டம் நல்ல நிலையில் இருந்தது. அதன் பிறகு சக்கரங்களைக் கழற்றி, அவற்றின் நடுக்கூடான ஹப்பைத் திறந்தார். உள்ளே கிரீஸ் காய்ந்து தார் போல ஆகியிருந்தது. பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது வீதம் இருந்த பால்ரஸ் என்னும் சிறு இரும்புக் குண்டுகளைத் தகர மூடியில் கொட்டி, மண்ணெண்ணெயில் அலசி, ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பிப் பார்த்து, புள்ளி விழுந்தவற்றை மட்டும் ஒதுக்கினார். எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்று கேட்டேன். நல்லதாக இருப்பதை எதற்கு எறிய வேண்டும் என்று கேட்டுவிட்டு, பழையது ஒன்றும் புதியது ஒன்றும் ஒரே பக்கத்தில் கலந்தால் தேய்மானம் ஒரே சீராக இருக்காது என்பதால், நல்லவற்றை எல்லாம் ஒரு பக்கத்திலும் புதியவற்றை மறுபக்கத்திலுமாக அடுக்கினார்.

அடுத்தது சக்கரத்தின் கோட்டம் எடுப்பது. முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 என்று போக்ஸ் கம்பிகள். சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்முக்கு மயிரிழை அருகில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தார். எந்த இடத்தில் ரிம் வெளியே தள்ளுகிறதோ அந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. கோடு விழுந்த இடத்துக் கம்பிகளில் ஒரு பக்கத்தை அரைச் சுற்று முடுக்கி, எதிர்ப் பக்கத்தை அரைச் சுற்று தளர்த்தி, கோட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் சுழற்றினார். இப்படி முக்கால் மணி நேரம் சென்றது. இறுதியில் கம்பிகளை நகத்தால் ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டே வந்தார். மந்தமாக ஒலித்த இரண்டைக் கூடுதலாக முடுக்கினார். அதன் பிறகு இந்த 14 மாதங்களில், குண்டும் குழியுமான இந்தச் சாலைகளில் ஓடியும், ஒரு முறைதான் பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க வேண்டி வந்தது. புதிய டயர், டியூப், செயின், பிரேக் கட்டைகள், ஃப்ரீவீல் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) ஆகியவற்றைப் பாரிமுனைப் பக்கத்து உதிரிபாகக் கடைகளிலிருந்து நானே வாங்கி வந்து கொடுத்தேன். எந்தப் பொருளுக்கும் இரண்டாவது கடை ஏற வேண்டியிருக்கவில்லை. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கிவரும் ஒரு மாநிலத்தில், சாதாரண சைக்கிளின் உதிரிபாகங்கள் இன்னும் பல்லாண்டுகளுக்குக் கிடைக்கும் என்று நம்பலாம்.

ஃப்ரீவீலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த சைக்கிளில் முன்பல்சக்கரத்துக்கு 44 பற்கள், பின்னால் இருந்த ஃப்ரீவீலுக்கு 18 பற்கள். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுழலும். சமதளத்தில் வேகம் கிடைக்கும், ஆனால் மேம்பாலத்தில் ஏறும்போது முழங்கால் கெஞ்சும். அவருடைய யோசனைப்படி பின்னால் 20 பற்கள் கொண்ட ஃப்ரீவீலைப் போட்டோம். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ராயபுரம் மேம்பாலத்தை 47 வயதில் இறங்கித் தள்ளாமல் ஏறுகிறேன். 150 ரூபாய்க்குள் முடிகிற இந்த ஒரு மாற்றம், கியர் இல்லையே என்ற குறையைப் பெருமளவு போக்கிவிடுகிறது. நடுத்தர வயதில் மீண்டும் சைக்கிள் ஏறுபவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

இனி குறைகள். முதலாவது எடை. இதன் எடை 20 கிலோவுக்கு மேல். முதல் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஏறும் பேச்சுக்கே இடமில்லை, கீழே நிறுத்த இடமில்லாதவர்களுக்கு இது பொருந்தாது. இரண்டாவது, இதைவிடப் பெரிய குறை, மழைக்கால பிரேக். கம்பி பிரேக்கின் கட்டைகள் குரோம் பூசிய இரும்பு ரிம்மின் உட்புறத்தை அழுத்தி நிறுத்துபவை. இரும்பு நனைந்துவிட்டால் ரப்பருக்குப் பிடிமானம் இல்லை. சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, ராயபுரத்தில் மழைநீர் தேங்கிய சாலையில் வந்துகொண்டிருந்தபோது, முன்னால் ஆட்டோ ஒன்று திடீரென்று நின்றது. இரண்டு பிரேக்கையும் முழுவதும் இழுத்தும் சைக்கிள் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், நான் இடப்பக்கம் திருப்பிச் சாக்கடை மேட்டில் விழுந்தேன். உள்ளங்கை கிழிந்தது, அதோடு போயிற்று. மறுநாள் மெக்கானிக்கிடம் சொன்னபோது, "மய பேஞ்சா முன்னாடியே லேசா புடிச்சிக்கினே வாம்மா, தண்ணி வழிச்சிக்கினு போவும், அப்புறம் நிக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நிறுத்த வேண்டிய இடத்துக்கு இருபது முப்பது அடி முன்பே பிரேக்கை மெல்ல உரசவிட்டால் ரிம்மிலுள்ள நீர் வழிந்து, பிடிமானம் ஓரளவு திரும்புகிறது. இருந்தாலும், கனமழையில் இதை ஓட்ட நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நானும் இப்போது அத்தகைய நாட்களில் மெட்ரோவில் போகிறேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் அந்தப் பாதை நீட்டிக்கப்பட்டதால் எங்கள் பகுதிக்கு அந்த வசதி இருக்கிறது.

டைனமோ விளக்கு, ஓட்டும் கால்களிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் பேட்டரி வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் சிக்னலில் சைக்கிள் நின்றதும் விளக்கும் அணைந்துவிடும். கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசைகட்டி நிற்கும் வடசென்னைச் சாலையில் அது விளையாட்டல்ல. ஆகவே பின்னால் மட்டும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் சிவப்பு விளக்கு ஒன்றைத் தனியாகக் கட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்காகத்தான் இந்த சைக்கிளை நான் இவ்வளவு நேசிக்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) வழியாக டோல்கேட், திருவொற்றியூர் தேரடி, அஜாக்ஸ், எர்ணாவூர் என்று போனால், ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். ஒரு மணி நேரம் ஆகும். இரும்புச் சட்டமும் அகல டயரும் சாலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால், கையும் இடுப்பும் வலிக்காமல் போய்ச் சேரலாம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் அமைப்பு என்பதால் பார்வை சாலையோடு நின்றுவிடாமல் இருபுறமும் போகிறது. எந்த இடத்திலும் ஸ்டாண்டு போட்டு நிறுத்தலாம், நிறுத்தினால் அடுத்த கணமே அமைதி. ஸ்கூட்டரில் முகத்துவாரத்துப் பாலத்தைப் பத்தாண்டுகள் கடந்திருக்கிறேன். அதன் கீழே கழிமுகத்தின் ஓரத்தில், இடுப்பளவு நீரில், பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கும் பெண்களை நான் சைக்கிளில் போகத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன். கை நீருக்குள் நகர்வது மேலிருந்து தெரியாது. தோள் மட்டும் மெல்ல அசையும், திடீரென்று ஒரு கை மேலே வந்து கூடைக்குள் எதையோ போட்டுவிட்டு மறுபடியும் நீருக்குள் மறையும். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். ஆலாக்கள் மூக்கைக் கீழே தாழ்த்திப் பறந்துவந்து, நின்ற இடத்திலேயே சிறகடித்து, கல் விழுந்தது போல நீரில் விழும். குளிர்காலத்தில் சேற்றுத் திட்டுகளில் உள்ளான்கள் ஓடும்.

எண்ணூரை அழகான இடம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பொய்யாகும். இந்தக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் இங்கே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு கழிமுகமெங்கும் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் கறுத்து நின்ற படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அலையாத்தி மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்க மிதித்து வந்து அந்த மரங்களுக்கு எதிரே நிற்கும்போது, இந்த ஆறு எனக்கு வேண்டப்பட்ட ஒன்று என்ற எண்ணம் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. குளிரூட்டிய காரில் வந்து இறங்கிப் பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

போகும் நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கடலோர எண்ணூர் விரைவுச் சாலை காற்றுக்கு இதமாக இருந்தாலும், லாரிகளின் நெரிசலால் சைக்கிளுக்கு ஏற்றதல்ல, டி.எச். ரோடுதான் பாதுகாப்பானது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

திரும்பும் வழியில் காசிமேட்டில் மீன் வாங்குவது வழக்கம். எவர்சில்வர் தூக்கு ஒன்றை மஞ்சப்பைக்குள் வைத்து ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும், மீன் கடைகளில் கறுப்புப் பை நீட்டப்படுவது நிற்கவில்லை. தூக்கை முதலிலேயே நீட்டிவிட்டால் அந்தப் பேச்சே எழுவதில்லை. ஒரு கிலோ சங்கராவுக்கு மேல் தூக்கில் போட்டு ஹேண்டிலில் மாட்டினால் சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால், கேரியரில் வைத்துப் பழைய டியூபால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். கிழிந்த டியூபைப் போல உறுதியான கட்டுக் கயிறு வேறில்லை.

உப்புக்காற்றில் இதைப் பராமரிப்பது கடினமல்ல, ஆனால் விட்டுவிடக் கூடாது. வாரம் ஒருமுறை பழைய வேட்டித் துணியால் துடைத்து, போக்ஸ் கம்பிகளிலும் ரிம்மின் வெளிப்புறத்திலும் எண்ணெய் தோய்ந்த துணியை லேசாக ஓட்டிவிடுகிறேன். பிரேக் கட்டை படும் உட்புறத்தில் எண்ணெய் ஒரு துளிகூடப் படக் கூடாது. பெயிண்ட் உரிந்த இடத்தில் அன்றே கறுப்பு எனாமலைத் தொட்டு வைத்தால் துரு பரவாது. செயினை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் அலசுவேன். அந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வாரம் வைத்தால் அழுக்கு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். செயின் தேய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு சாதாரண அளவுகோல் போதும். அரை அங்குலத்துக்கு ஒரு பின் என்பதால் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 12 அங்குலத்தைத் தாண்டி அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். காற்று இறங்கினால் எப்போதும் பங்க்சர்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. பாதி நேரம் காற்றடிக்கும் வால்வின் மேல் மாட்டும் ரப்பர்க் குழாயான வால்டியூப் நைந்திருக்கும், ஒரு சிறு துண்டு ரப்பரோடு வேலை முடிந்துவிடும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பாரிமுனைக்குப் போய்வர 10 கிலோமீட்டர். மாதம் 24 நாள் என்றால் 240 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுத்த என் ஸ்கூட்டருக்கு இதற்கு ஆறு லிட்டர் பெட்ரோல் ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆகவே மாதத்துக்கு 14 கிலோ அளவுக்கு நான் குறைத்திருக்கிறேன், 600 ரூபாயும் மிச்சம். வாங்கிய விலையும் சீர்செய்த செலவும் சேர்ந்து 4,450 ரூபாய் எட்டே மாதத்தில் ஈடாகிவிட்டது. எட்டு மாதத்தில் முந்தைய கியர் சைக்கிள் எந்த நிலைக்கு வந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

இப்படி ஒன்றை வாங்க விரும்புபவர்கள் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எதில் துரு இருந்தாலும் மாற்றிவிடலாம். சட்டத்தில் வெல்டிங் தழும்பு இருந்தாலோ, பெடல் கூட்டின் அடியில் விரலால் அழுத்தும்போது பொருபொருவென்று உதிர்ந்தாலோ மட்டும் விட்டுவிடுங்கள். உட்கார்ந்து மிதித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் அது பெடல் தண்டை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்த சத்தம். விலையைக் குறைத்துப் பேசப் பயன்படும், வாங்காமல் விடுவதற்குக் காரணமல்ல. என் சைக்கிளிலும் அந்தச் சத்தம் பத்து நாளாக வருகிறது. இரண்டு புதிய பின்கள் வாங்கி மஞ்சப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். மெக்கானிக் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.